தொட்டிக் குறிப்பேட்டில் நான் எழுதிய ஒரு வரி

சென்ற மாதம் ஓர் இளம் வேதிப் பொறியாளர் எனக்கு இரண்டு பக்கங்களை அனுப்பியிருந்தார். அவர் பணிபுரியும் ஆலையில் புதிதாகச் சேர்வோருக்கான பாதுகாப்பு வகுப்பில் வாசிக்கப்படும் பக்கங்கள் அவை. திருவண்ணாமலைக்கருகே முன்பு இயங்கிய ஒரு பிசின் ஆலையில் ஸ்டைரீன் தொட்டி கொதித்துப் பொங்கிய விபத்தை அவை விவரித்தன. நான் அங்கே வேலை பார்த்தவன் என்று கேள்விப்பட்டு, சரிபார்த்துத் தர இயலுமா என்று கேட்டிருந்தார்.

மூவர் இறந்ததாக எழுதியிருந்தது, இறந்தவர் ஒருவர். தொட்டி தீப்பிடித்ததாக எழுதியிருந்தது, தீப்பிடிக்கவில்லை. இவற்றைத் திருத்துவது எளிது. மூன்றாவதாக ஒரு வாக்கியம் இருந்தது: தொட்டிப் பணியாளர் உத்தரவை மீறி நைட்ரஜன் குழாயைத் தன்னிச்சையாக இடம் மாற்றியதே விபத்துக்குக் காரணம் என்று அது கூறியது. அப்பணியாளரின் பெயர் கரீம். இறந்தவரும் அவரே. அவ்வாக்கியம் எங்கிருந்து பிறந்தது என்பதை நான் அறிவேன். ஆகவே இரண்டு வரித் திருத்தத்தோடு நிறுத்தாமல் இதை எழுதுகிறேன்.

நான் நேரில் கண்டதையும், என்னிடம் நேரில் சொல்லப்பட்டதையும், அக்காலத்தில் எனக்காக வைத்திருந்த கைக்குறிப்பில் இன்றும் இருப்பதையும் மட்டுமே இங்கே தருகிறேன். ஊகம் எதையும் சேர்க்கவில்லை. ஒருவர் சரிபார்க்காமல் எழுதிய சில சொற்கள் மற்றொருவரின் பெயர்மேல் எவ்வளவு காலம் படிந்திருக்கும் என்பதை நான் கண்டவன். இம்முறை அதைச் செய்ய மாட்டேன்.

வேதியியலில் பட்டம் பெற்று, சென்னையில் ஒரு வண்ணப்பூச்சு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் ஈராண்டு பழகியபின், எழுபதுகளின் நடுவில் இவ்வாலையில் இரண்டாம் வேதியியலராகச் சேர்ந்தேன். வேங்கிக்காலுக்கு வடக்கே, வேலூர்ச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே ஆலை இருந்தது. கண்ணாடியிழைப் பொருள்களுக்கான பிசினைத் தயாரித்தோம். அப்பிசினை இளக்குவதற்கு வேண்டிய ஸ்டைரீன் சென்னைத் துறைமுகத்திலிருந்து லாரியில் வந்து, முற்றத்தில் தனியே நின்ற ஒரு தொட்டியில் இறங்கும்.

ஸ்டைரீன் நீரைப்போல் தெளிந்த, மெல்லிய திரவம். அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட சங்கிலிகளாகும் இயல்புடையவை. இதற்குப் பலபடியாதல் என்று பெயர். அச்சில் வார்த்தபின் இது நிகழ்வதற்காகவே ஸ்டைரீனை வாங்குகிறோம். தொட்டிக்குள்ளேயே நிகழ்ந்தால் கேடு. ஒவ்வொரு சேர்க்கையும் சிறிது வெப்பத்தை வெளிவிடும். அவ்வெப்பம் அடுத்த சேர்க்கையை விரைவுபடுத்தும். ஓர் எல்லையைக் கடந்துவிட்டால் எவராலும் நிறுத்த இயலாது. இதைத் தவிர்க்கத் தடுப்பான் என்னும் பொருளை மிகச் சிறிய அளவில் கலந்துவைப்பர். ஆனால் அது தனித்து வேலை செய்வதில்லை. திரவத்தில் கரைந்திருக்கும் காற்றின் ஆக்சிஜன் உடனிருந்தால்தான் வேலை செய்யும். தீக்கு அஞ்சிக் காற்றை அகற்றினால், தடுப்பான் இருந்தும் இல்லாததாகிவிடும்.

இதை எனக்குச் சொன்னவர் தலைமை வேதியியலர் வரதராஜன். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. காலை ஏழரை மணிக்குத் தொட்டியடிக்கு வருவார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, தொட்டியின் உடலில் முழங்கால் உயரத்திலும் இடுப்பு உயரத்திலும் தலை உயரத்திலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். வெப்பம் இவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்வார். அதன்பிறகே கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெப்பமானியை வாசிப்பார்.

"கண்ணாடி போட்டுகிட்டுத் தொட்டா, கை கண்ணப் பாத்துக் காப்பியடிக்குங்க" என்றார், நான் காரணம் கேட்டபோது.

அவர் வகுத்திருந்த ஒழுங்கு இது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். நாள்தோறும் ஒரு மணி நேரம் பம்பை ஓட்டி, திரவத்தை அடியிலிருந்து எடுத்துக் குளிர்வித்து மேலிருந்து விழச் செய்ய வேண்டும். விழும்போது அது காற்றோடு கலக்கும். நாள்தோறும் ஒரு குப்பியில் எடுத்துக் காரக் கரைசலோடு குலுக்கி, தோன்றும் செந்நிறத்தை மாதிரிக் குப்பிகளோடு ஒப்பிட்டுத் தடுப்பானின் அளவை அறிய வேண்டும். வாரம் ஒருமுறை சிறிதளவை மெத்தனாலில் விட வேண்டும்; தெளிவாக நின்றால் நலம், பால்போல் கலங்கினால் சங்கிலிகள் உருவாகிவிட்டன என்று பொருள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தொட்டி உச்சியிலுள்ள காற்றுப்போக்கியைத் திறந்து சுரண்ட வேண்டும். ஸ்டைரீன் ஆவியாகும்போது தடுப்பான் கீழேயே தங்கிவிடும். ஆகவே உச்சியில் படியும் துளிகள் காப்பின்றி இறுகிக் கண்ணாடி விழுதுகள்போல் தொங்கி, வழியை அடைத்துவிடும். கோடையில் தொட்டியின்மேல் நீர் தெளிக்க வேண்டும். குறிப்பேட்டில் எவரேனும் ஓர் எண்ணை எழுதினால், "பாத்ததா, நெனச்சதா?" என்று கேட்பார். நினைத்தது என்றால் அடித்துவிட்டுப் போய்ப் பார்த்துவரச் செய்வார். என்னையும் இருமுறை அனுப்பியிருக்கிறார்.

பகல் முறையில் இந்தத் தொட்டியைக் கவனித்தவர் கரீம். நகரில் பல தலைமுறையாகத் தகரப் பெட்டி செய்துவந்த குடும்பத்தில் பிறந்தவர். அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். வரதராஜனைப் பார்த்து அவரும் தொட்டியைக் கையால் தொட்டுப் பழகியிருந்தார்.

"எங்க வூட்டுப் புள்ளைங்களுக்கு ஜொரம்னாகூட இத்தினி தபா தொட்டுப் பாத்ததில்ல சார்" என்பார்.

குழாய்ப் பணியாளர் முனுசாமி அவ்வழியே போகும்போதெல்லாம் சீண்டுவார்: "இன்னா பாய், மாப்ளைக்கு இன்னிக்கு ஜொரம் ஜாஸ்தியா கம்மியா?"

"உன் வாய்க்கொழுப்ப விடக் கம்மிதாம்பா, போய் வேலையப் பாரு."

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரைப் பௌர்ணமி கத்திரி வெயிலை ஒட்டி வந்தது. மலையைச் சுற்றிவர இன்று திரளும் கூட்டம் அன்று இல்லை. ஆயினும் சித்திரைப் பௌர்ணமிக்கு வடக்கிலிருந்து மாட்டுவண்டிகளிலும் நடந்தும் வருவோர் எங்கள் மதிற்சுவரை ஒட்டிய புளிய மரங்களின்கீழ் தங்குவது வழக்கம். மூன்று கல்லைக் கூட்டி உலை வைப்பார்கள்; மலை நோக்கிக் கற்பூரம் ஏற்றுவார்கள். முந்தைய ஆண்டு அவ்வடுப்புப் பொறி ஒன்று காய்ந்த புல்லில் பற்றிச் சுவர் வரை வந்தது. மேலாளர் அஞ்சியது வீண் அச்சமன்று.

வரதராஜன் அப்போது துறைமுகத்தில் சரக்கை விடுவிப்பதற்காகச் சென்னை சென்றிருந்தார். பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்பு மேலாளர் என்னை அழைத்தார்.

"சம்பந்தம், அந்த ஜனங்க செவுத்தோரமா அடுப்பு மூட்டத்தான் போறாங்க. நம்ம சொன்னா கேக்கவா போறாங்க? நைட்ரஜன் சிலிண்டர் சும்மாதானே கெடக்குது. தொட்டி தலைல அதக் குடுத்துட்டா, பொறி வந்து விழுந்தாலும் பத்தாது இல்லீங்களா?"

"பத்தாது சார். ஆனா தடுப்பானுக்குக் காத்து வேணும். வரதராஜன் சார் ஒத்துக்க மாட்டாரு."

"ரெண்டு நாளைக்குங்க. ரெண்டு நாள்ல காத்து தீந்துபோயிடுமா? நீங்க படிச்சவரு, சொல்லுங்க."

நான் யோசித்தேன். திரவத்தின் மேலுள்ள வெற்றிடத்தில் மட்டும் நைட்ரஜனைச் செலுத்தினால், கீழே கரைந்திருக்கும் காற்று இரண்டு நாளில் பெரிதும் குறைந்துவிடாது. மேல்முனையில் இணைத்தால் மட்டுமே இது பொருந்தும். அடியிலுள்ள குழாய்வழியே செலுத்தினால், நைட்ரஜன் குமிழி குமிழியாகத் திரவத்தைத் துளைத்துக்கொண்டு ஏறி, கரைந்த காற்றைச் சில மணி நேரத்திலேயே வாரிக்கொண்டு போய்விடும். இதையும் நான் அறிந்திருந்தேன். இசைந்தேன். மோட்டார்ப் பொறிக்கும் அஞ்சிய மேலாளர் பம்பையும் நிறுத்தச் சொன்னார். அதற்கும் இசைந்தேன். கிணற்றில் நீர் வற்றியிருந்ததால் தெளிப்பு ஏற்கெனவே நின்றிருந்தது.

முனுசாமியிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. உடன் உதவியவர் கரீம். அன்று பிற்பகல் முழுதும் நான் பிசின் உலையைவிட்டு நகர இயலவில்லை. ஐந்து மணிக்கு முனுசாமி முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா?" என்றேன்.

"ஆச்சு சார்" என்றார்.

குறிப்பேட்டை எடுத்து, "நைட்ரஜன் இணைப்பு தொட்டியின் மேல்முனையில் கொடுக்கப்பட்டது" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். தொட்டி அங்கிருந்து அறுபது காலடித் தூரம். நான் போகவில்லை.

மறுநாள் காலை கரீம் ஆய்வுக்கூடத்து வாசலில் வந்து நின்றார்.

"சார், உள்ள கொடகொடன்னு சத்தம் கேக்குது. ஹூக்கா இழுக்கற மாதிரி."

"காஸ் போவுது இல்ல பாய்? சத்தம் வரத்தான் செய்யும்."

"அடில கேக்குது சார்."

"தகரத்துல ஒரு எடத்துல தட்டினா எங்கயும் கேக்கும். பொட்டி செய்யற வூட்ல பொறந்துட்டு இதக்கூட என்னக் கேக்கறீங்களே!"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போய்விட்டார்.

இரண்டு நாள் என்றது எட்டு நாளாயிற்று. பௌர்ணமி கழிந்ததும் கூட்டம் கலையட்டும் என்றார் மேலாளர். கலைந்ததும் வரதராஜன் வந்து அவரே கழற்றட்டும் என்றார். வெப்பமானி முதலில் நாளுக்கு ஒரு பாகையும் பின்னர் இரண்டும் ஏறியது. கத்திரி வெயில் என்று எண்ணிக்கொண்டேன். தடுப்பான் சோதனையை ஒருநாளும் தவறவிடவில்லை. எட்டு நாளும் செந்நிறம் சிறிதும் குறையாமல் நின்றது. அதுவே எனக்குத் துணிவளித்தது. ஆக்சிஜன் இன்றி வேலை செய்யாமல் கிடந்ததால்தான் தடுப்பான் செலவாகவில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. காற்றுப்போக்கியைச் சுரண்ட வேண்டிய நாளும் அவ்வாரத்தில் வந்து போயிற்று. வரதராஜன் வரட்டும் என்று அதையும் விட்டேன்.

எட்டாம் நாள் காலை வெப்பநிலை நாற்பத்தேழு. மெத்தனாலில் ஒரு துளி விட்டேன், பாலாகத் திரிந்தது. நண்பகலுக்குள் ஐம்பத்தைந்தைத் தாண்டி, அதன்பின் நிமிடத்துக்கு நிமிடம் ஏறியது. சென்னையிலிருந்த வரதராஜனோடு பேச டிரங்க் அழைப்பு பதிந்துவிட்டுத் தொட்டிக்கு ஓடினேன். சிலிண்டரின் திருகை என் கையாலேயே மூடினேன். அப்போதுதான் குழாயைக் கண்ணால் தொடர்ந்தேன். அது ஏணியோடு மேலே செல்லவில்லை. தரையோடு வளைந்து தொட்டியின் அடியிலுள்ள குழாயில் பொருத்தப்பட்டிருந்தது.

அந்நேரம் மின்வெட்டு; பம்பை ஓட்ட இயலாது. தடுப்பானை ஒரு வாளியில் கரைத்துக்கொண்டு, உச்சி மூடியைத் திறந்து ஊற்றுவது ஒன்றே வழி என்று எண்ணினேன்.

"பாய், மேல ஏறி இத ஊத்தணும்."

"ஏறிக்கறேன் சார். போல்ட்டு எறுகிக் கெடக்கும், பெரிய ஸ்பானராக் குடுங்க." ஏணியில் கால் வைக்குமுன் பழக்கத்தால் தலை உயரத்தில் கையை வைத்தார், உடனே இழுத்துக்கொண்டார். "சார், கை வெக்க முடியல."

"சீக்கிரம்" என்றேன்.

இரண்டு மரையாணிகளைக் கழற்றி வீசினார். மூன்றாவதைத் தளர்த்தும்போது மூடி எழுந்தது. காற்றுப்போக்கி முழுதும் அடைத்திருந்ததைப் பின்னர் கண்டேன். உள்ளே தேங்கிய அழுத்தம் அனைத்தும் அம்மூடியின் வழியே வெளிப்பட்டது. வெண்ணிற ஆவியும் கொதிக்கும் திரவமும் அவர் முகத்திலும் மார்பிலும் பாய்ந்தன. அவர் ஏணியில் வழுக்கிப் பாதி உயரத்திலிருந்து தரையில் விழுந்தார். முனுசாமியும் நானும் ஈரச் சாக்கில் அவரைக் கிடத்தி ஆலையின் வேனில் ஏற்றினோம். உடலில் படிந்த திரவம் இறுகத் தொடங்கியிருந்தது. அதற்குமேல் எழுத வேண்டியதில்லை.

வேன் கிளம்பி இருபது நிமிடத்தில் டிரங்க் அழைப்பு கிடைத்தது. நான் நிலைமையைச் சொல்லத் தொடங்கியதுமே வரதராஜன் குறுக்கிட்டார்.

"யாரையும் மேல ஏத்தாதீங்க. எல்லாரையும் வெளியே அனுப்பிட்டுத் தூரத்துலேர்ந்து தண்ணி அடிங்க."

"ஏத்திட்டேன் சார்" என்றேன்.

 தொலைபேசியை வைத்துவிட்டு, மற்றவர்களை வாசலுக்கு வெளியே அனுப்பினேன்.

தொட்டி மாலைவரை பொங்கிப் பின் அடங்கிற்று. கரீம் வேலூர் மருத்துவமனையில் மூன்றாம் நாள் இறந்தார். முகம் முழுதும் கட்டுப் போட்டிருந்தார்கள். அவர் பேசவில்லை.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். குழாயை உத்தரவுப்படி மேல்முனையில்தான் பொருத்தியதாக முனுசாமி சொன்னார். அதிகாரி குறிப்பேட்டை என் முன் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"மேல்முனைன்னு எழுதியிருக்கீங்க. விபத்தன்னிக்கு அடில இருந்துச்சுன்னும் நீங்கதான் சொல்றீங்க. நடுவுல யாரோ மாத்தியிருக்கணும். தொட்டிய யாரு பாத்துக்கறது?"

"கரீம் சார்."

இணைப்பை நேரில் பார்த்துத்தான் எழுதினேனா என்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை. மேலாளர் அருகில் அமர்ந்திருந்தார் என்பது உண்மை. ஆனால் அவர் என் வாயை மூடவில்லை. அஞ்சியவன் நான். கரீம் முதல் நாளே சத்தத்தைப் பற்றி என்னிடம் சொன்னதையும் சொல்லவில்லை. தாமே குழாயை அடியில் மாற்றிய ஒருவர், அடியில் சத்தம் கேட்கிறது என்று வந்து முறையிடுவாரா என்ற கேள்வியை அங்கே எழுப்பியிருக்க வேண்டியவன் நான் ஒருவனே.

பத்து நாள் கழித்துக் கரீமின் தம்பி யூசுப், தேரடி வீதியில் நான் சைக்கிளில் வரும்போது வழிமறித்தார்.

"சார், எங்க அண்ணன் அந்தப் பைப்பத் தொட்டானா? அத மட்டும் சொல்லுங்க. தெருவுல எல்லாரும் வந்து, உத்தரவ மீறிச் செத்தான்னு பேசறாங்க. அண்ணி வெளிய வர்றதில்ல."

"ரெக்கார்டுல மேல்முனைன்னுதான் யூசுப் இருக்கு."

"நான் ரெக்கார்டக் கேக்கல சார். உங்களக் கேக்கறேன்."

"தெரியாது" என்றேன்.

"தெரியாதுன்னு அங்க சொன்னீங்களா?"

 அவர் என் சைக்கிளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வரதராஜனிடம் அனைத்தையும் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. குறிப்பேட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டி, பேனாவை என்னிடம் கொடுத்தார். "இணைப்பு எங்கே கொடுக்கப்பட்டது என்பதை நான் பார்க்கவில்லை" என்று அதன்கீழ் எழுதி, அன்றைய தேதியிட்டுக் கையொப்பமிட்டேன். சத்தத்தைப் பற்றிய செய்தியையும் சேர்த்து விசாரணை அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். அறிக்கை அதற்குமுன்பே போய்விட்டிருந்தது. கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அதன் படி ஒன்றை யூசுப்பிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, "இத யாருகிட்ட சார் காட்டறது?" என்று கேட்டார்.

தொட்டிக்குள் ஸ்டைரீன் முழுதும் ஒரே கட்டியாக இறுகியிருந்தது. உளியும் சம்மட்டியும் கொண்டு மாதக்கணக்கில் வெட்டினார்கள். மேல்முனைக் குழாய்வாயின் சிறு மூடியை ஒருமுறையேனும் கழற்றி நைட்ரஜன் குழாயை அங்கே பொருத்தியிருக்கிறார்களா என்பதை அதன் மரைகளைப் பார்த்து அறியலாம் என்று எண்ணி, நாள்தோறும் நின்று பார்த்தேன். அது பொங்கி வழிந்து இறுகிய கட்டிக்குள் புதைந்திருந்தது. வெட்டி எடுத்தபோது மரைகள் நசுங்கிவிட்டன. எதையும் சொல்ல இயலவில்லை. முனுசாமி அவ்வாண்டே வேலையைவிட்டுப் பெங்களூர்ப் பக்கம் போனார். பிறகு நான் அவரைச் சந்திக்கவில்லை. எண்பதுகளின் முடிவுக்குள் ஆலை மூடப்பட்டது. பின்னர் வேறு இரு ஆலைகளில் ஓய்வுபெறும்வரை ஸ்டைரீனோடுதான் இருந்தேன். எந்த இணைப்பையும் கையால் தொட்டுப் பார்க்காமல் எழுதியதில்லை. அதனால் கரீமுக்கு நன்மை ஒன்றும் இல்லை.

இளம் பொறியாளருக்கு நான் தரும் திருத்தம் இது: கரீம் உத்தரவை மீறினார் என்பதற்கு முனுசாமியின் சொல்லும் என் ஒரு வரியும் மட்டுமே ஆதாரமாக இருந்தன, என் வரி பார்த்து எழுதப்பட்டதன்று. அவரை ஏணியில் ஏற்றியவன் நான்.

இனித் தெரியாதவை. குழாயை அடிமுனையில் பொருத்தியது யார் என்பது தெரியாது. முதல் நாளிலிருந்தே அது அங்கிருந்ததா என்பது உறுதியாகத் தெரியாது. நான் திருத்தம் எழுதிய குறிப்பேடு ஆலை மூடப்பட்டபின் எங்கே போயிற்று என்பது தெரியாது. மேல்முனையில் கொடுத்தால் ஒன்று, அடிமுனையில் கொடுத்தால் வேறு என்பதை முனுசாமிக்கும் கரீமுக்கும் எவரேனும் சொல்லியிருந்தார்களா என்பதும் தெரியாது. நான் சொல்லவில்லை.